மனோரமாவின் நடிப்பு நாடகத்தனமா? சைக்கிள் டைனமோ சாட்சி

வாசகர் ஒருவரின் கேள்வி, மே 3

மனோரமாவை ஆச்சி ஆச்சி என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். உண்மையைச் சொன்னால் அவர் கடைசிவரை நாடக மேடையை விட்டு இறங்கவே இல்லை. கமரா ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது, அவர் ஆயிரம் பேருக்குக் கத்துகிறார். நாடகத்தில் இருந்து சினிமாவுக்கு வருகிற நடிகைகளுக்கு அந்தப் பழக்கம் ஒரு சாபம். இல்லை என்று யாராவது நிரூபியுங்கள் பார்ப்போம்.

மே 3, இரவு 9.40

நிரூபிக்கிற அளவுக்கு நான் சினிமா படித்தவன் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஆள். கோயில் திருவிழா, கலியாணவீடு, செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கூத்து என்று எங்கே கூப்பிட்டாலும் போய் மைக் கட்டுவேன். மனிசக் குரலைக் காதால் நிறுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன், மனோரமா கத்தவில்லை. உங்கள் காதைத்தான் காட்டவேண்டும்.

மே 3, இரவு 10.15

சரி, கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மனோரமாவை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் குப்பிவிளக்குக்கே காணாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பது. சுற்றுகிற வேலை எனக்கு. வயது பன்னிரண்டு, வீட்டில் கடைக்குட்டி, வேறு யாருக்கு வரும். திருச்சி வானொலி எங்கள் பக்கம் நல்லாக இழுக்கும். அதில் ஒலிச்சித்திரம் என்று ஒரு படத்தின் சத்தத்தை மட்டும் சுருக்கிப் போடுவார்கள். ஒருநாள் ‘சம்சாரம் அது மின்சாரம்’. கரண்ட் இல்லாத ஊரில் அந்தப் பெயரைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், அது இப்போதும் ஞாபகம்.

கை சோர்ந்தால் சத்தம் இறங்கும். இறங்கும்போது என்ன நடக்கும் தெரியுமா? முதலில் பின்னணி இசை போய்விடும். பிறகு ஆம்பிளைகளின் குரல் மொத்தையாகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், யார் அப்பன் யார் மகன் என்று பிரிக்க முடியாது. வேலைக்காரி கண்ணம்மாவாக வருகிற மனோரமாவின் குரல் மட்டும் சின்னதாகிச் சின்னதாகி, ஒரு எழுத்துக்கூட உடையாமல் வந்துகொண்டே இருக்கும். அம்மம்மா “சுத்தடா, நித்திரையே கொள்ளுறாய்” என்று பேசிக்கொண்டிருப்பா. எனக்குத் தெரியும், கண்ணம்மா வருகிற இடத்தில் கொஞ்சம் கை ஆறலாம் என்று.

கத்துகிற குரல் இப்படி வராது. கத்துகிறவர் கையில் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள், ஹோர்ன் கிழியும், பின்னால் இருக்கிறவருக்கு ஒரு சொல் போய்ச் சேராது.

மே 4, காலை 6.20

டைனமோவை நேரே றேடியோவுக்குக் கொடுத்தால் வெறும் உறுமல்தானே கேட்கும் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நடுவில் டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் இருந்தன, பழுதாய்ப்போன இன்னொரு றேடியோவில் இருந்து சித்தப்பா கழற்றிப் பூட்டியது. அப்படியும் மெல்லிய உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றினால் உறுமல் கூடும். அந்த உறுமலுக்கு மேலால் ஏறி வந்த குரலைத்தான் சொல்கிறேன்.

மே 4, மத்தியானம்

ஆள் எங்கே இருந்து வந்தவர் என்று தெரியாமல் சாபம், வரம் என்று எழுதக்கூடாது. பிறந்தது 1937இல் மன்னார்குடி, வீட்டுப் பெயர் கோபிசாந்தா. தகப்பன் கைவிட, தாய் பிள்ளையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து வீட்டுவேலை செய்து வளர்த்தார். ஆச்சி என்ற பட்டம் அந்த மண்ணில் இருந்து ஒட்டியதுதான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடகம். மனோரமா என்று பெயர் வைத்தவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். ஆர்மோனியக்காரர் பெயர் வைத்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விசயம், எங்கள் ஆள் ஒருவர் அங்கேயும் இருந்திருக்கிறார்.

பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு, ‘மணிமகுடம்’ நாடகம். முதல் படம் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’, 1958. கதாநாயகியாக ‘கொஞ்சும் குமரி’, 1963. பன்னிரண்டு வயதில் மேடையேறியவர் கமராவைக் காண ஒன்பது வருசம் ஆகியிருக்கிறது. அந்த ஒன்பது வருசமும் ‘இன்னொரு டேக்’ என்ற பேச்சே இல்லாத வருசங்கள். சொல் தவறினால் தவறினதுதான், பாட்டில் மூச்சு முட்டினால் முட்டினதுதான், முன்னால் சனம் இருக்கிறது.

நான் பன்னிரண்டு வயதில் பெடல் சுற்றினேன். ஒப்பிடவில்லை, சும்மா சொன்னேன்.

மே 4, இரவு 11.05

நித்திரை வரவில்லை. எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் கோவலன் கூத்து பெயர்போனது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் எங்கள் தாய், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணீரில் விளக்கு எரிகிற கோயில், ஆகவே கண்ணகி கதை எங்களுக்குக் கதை மாத்திரம் இல்லை. கூத்து விடியவிடிய நடக்கும். சனம் வீட்டில் இருந்து சாக்குக் கொண்டுவந்து விரித்து இருக்கும், பிள்ளைகள் அதிலேயே படுத்துவிடும். பெற்றோல்மக்ஸ் காலத்தில் மைக் ஏது. பழக்குகிற காலத்தில் எங்கள் அண்ணாவியார் (பெயர் வேண்டாம், மனிசன் போய்ச் சேர்ந்துவிட்டார்) களரியில் (கூத்து ஆடுகிற இடம்) இருந்து கடைசித் தூரத்தில் ஒரு வெறும் சாக்கை விரித்துவிட்டு வருவார்.

“அதில இருக்கிற கிழவிக்குக் கேக்குதோ?”

“அண்ணாவியார், அதில ஒருத்தரும் இல்லையே.”

“இல்லாத கிழவிக்குக் கேட்டால்தான் இருக்கிற கிழவிக்குக் கேக்கும். மெய்யைக் கடி, உயிரை விடு. திரும்பப் பாடு.”

மெய்யைக் கடி, உயிரை விடு. க், ச், த், ப் எல்லாவற்றையும் பல்லிலும் உதட்டிலும் கடித்துச் சொல்லு, அ, ஆ, ஈ எல்லாவற்றையும் நெஞ்சைத் திறந்து விடு. இலக்கண வாத்தியார் ஒருவரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. டைனமோ இறங்க இறங்க மனோரமாவின் குரல் உடையாமல் வந்ததற்கும் இதுதான் காரணம் என்று எனக்கு விளங்கப் பிறகு இருபது வருசம் எடுத்தது. அவர் மெய்யைக் கடிக்கிறவர்.

பழைய கூத்தில் கண்ணகி, மாதவி எல்லாம் ஆம்பிளைகள்தான். நானே ஒரு வருசம் மாதவி. பதினேழு வயது, அப்போதுதான் அரும்பிய மீசையை வழித்துவிட்டு, சித்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு வரவு பாடினேன். பாட்டு முடிய முதல் வரிசையில் இருந்த பெரியம்மா ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவவிடம் “பெடிச்சி ஆற்ற மகள்?” என்று கேட்டதாகக் கதை. கடைசிச் சாக்கில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வீட்டில் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

மே 6, மாலை

‘தில்லானா மோகனாம்பாள்’ பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லையே. 1968. அதில் மனோரமா நாடகக்காரி ஜில்ஜில் ரமாமணி. நாடகத்தில் இருந்து வந்தவர் நாடகக்காரியாகவே நடிக்கிறார்.

நான் அதைப் பார்த்தது ஒரு மாமரத்துக்குக் கீழே. தண்ணீர் இறைக்கிற கணக்கில் புகை தள்ளுகிற ஜெனரேற்றர், வாடகை ரிவி, வாடகை டெக், இரவோடு இரவாக மூன்று படம், ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்தது. கொப்பியில் இருந்து கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியில் இருந்து இன்னொரு கொப்பி எடுத்த கசெற். பத்மினி வெள்ளையாக ஒரு மேகம். சிவாஜியின் நாயனம் தெரியும், விரல் தெரியாது. அந்தப் பனிப்புகாருக்குள் ஜில்ஜில் வந்தவுடன் சனம் நிமிர்ந்து இருந்தது.

இதில் ஒரு விசயம் எனக்கு வேறு யாரும் சொல்லித் தெரியவந்ததில்லை, நானே கோர்த்துப் பார்த்தது. படத்தை எடுத்த ஏ.பி.நாகராஜன் சின்ன வயதில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேடம் போட்டவர். சிவாஜியும் நாடகக் கொம்பனியில் பெண் வேடம் போட்டே வளர்ந்தவர். அதாவது, ஜில்ஜில் என்ற பெண் ஆடவேண்டிய களரியில் எதிரே ஒரு பழைய ‘பெண்’, கமராவுக்குப் பின்னால் இன்னொரு பழைய ‘பெண்’. சேலை கட்டி மேடையில் நின்ற ஆம்பிளைகள் இரண்டு பேருக்கு முன்னால், ஒரு நாடகக்காரி எப்படி நடப்பாள், எப்படிக் குழைவாள் என்று ஒரு உண்மையான பெண் நடித்துக் காட்டவேண்டும். ஒரு வருசம் மாதவியாக நின்றவன் சொல்கிறேன், அவர்கள் பொய்யை உடனே பிடித்துவிடுவார்கள்.

மே 7, காலை

ஒரு திருத்தம். நேற்று ஒரு நண்பருக்கான பதிலில் ஆயிரத்து ஐந்நூறு படம் என்று அள்ளிவிட்டேன். ஆயிரத்துக்கு மேல் என்று திருத்தி வாசியுங்கள், 1985இல் ஆயிரம் படம் தாண்டியதற்குத்தான் கின்னஸில் இடம் கிடைத்தது. ‘புதிய பாதை’க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. விருதுப் பட்டியல் இவ்வளவும் போதும், விருதால் நான் வாதாடப்போவதில்லை.

மே 7, காலை, இன்னும் கொஞ்சம்

பாசை. அதை மறந்துவிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர், ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவுக்கு எதிராக மெட்ராஸ் பாசையில் சொந்தக் குரலில் ஒரு பாட்டே பாடிவிட்டார், அதுவும் அதே 1968. ஒரே வருசத்தில் ஜில்ஜிலும் அதுவும். கொங்குப் பேச்சு, ஐயர்வீட்டுப் பேச்சு என்று எதைக் கொடுத்தாலும் அந்த ஊர்க்காரியாகவே நின்றார். நாடகக்காரி என்றால் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், காதைத் திறந்து வைத்திராவிட்டால் அந்த ஊரில் சோறு கிடைக்காது. எங்கள் பக்கத்துக்குத் துணி விற்க வருகிற ஆட்களைப் பாருங்கள், மூன்றாம் நாள் ‘ஓமோம்’ போடத் தொடங்கிவிடுவார்கள்.

மே 9

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓம், அண்ணாவோடும் கருணாநிதியோடும் நாடக மேடையில், எம்ஜிஆர், ஜெயலலிதா, என்.டி.ராமராவோடு படத்தில். எங்கள் ஊரில் பிரதேச சபைத் தவிசாளரோடு ஒரே மேடையில் பொன்னாடை வாங்கியவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி விறாந்தையில் தொங்கவிட்டிருக்கிறார், ஐந்து முதலமைச்சர் என்றால் வீட்டில் சுவர் காணாது.

மே 11, இரவு

“இந்திய நடிகையைப் பிடித்துத் தொங்குகிறீர், எங்கட ஆட்களில் ஒருத்தரும் இல்லையோ?” என்று கனடாவில் இருந்து ஒரு அண்ணை கேட்கிறார். இருக்கிறார்கள் அண்ணை. நாங்கள்தான் ‘எங்கட’ என்பதைக் குறுக்கி வைத்திருக்கிறோம்.

டெய்சி ராசம்மா டேனியல்ஸ். இந்தப் பெயர் தெரியுமா? ராசம்மா என்றால் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர். இந்த ராசம்மா 1923இல் மலைநாட்டு றம்பொடையில் பிறந்தவர், கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதிலேயே சிங்கள நாடகத்தில் சீதையாக ஏறி, பிறகு மினர்வா நாடகக் குழுவின் முதன்மை நடிகையாகி, ருக்மணி தேவி என்ற பெயரில் முதலாவது சிங்களப் பேசும்படத்தின் கதாநாயகி ஆனார். ‘கடவுணு பொறொந்துவ’, 1947 ஜனவரி 21இல் வெளிவந்தது. அதுவும் மேடையில் ஓடிய நாடகத்தை அப்படியே படமாக்கியது, தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர், எடுத்தது தென்னிந்தியாவில். நடிப்பு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று முப்பது வருசத்துக்கு மேல் சிங்கள சனம் அவரைத் தூக்கி வைத்திருந்தது. 1978 ஒக்ரோபரில் வீதி விபத்தில் போய்விட்டார். நீர்கொழும்புப் பக்கம் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு கிழவர் அவரின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மீன் வெட்டினார், நான் “அவ எங்கட ஆள்” என்று அரைச் சிங்களத்தில் சொன்னேன், கிழவர் கத்தியை நிறுத்தாமல் “எங்கடையும்தான்” என்றார். பேச்சு முடிந்தது.

ஆனந்தராணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை நடிகை, 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தவர், நாடக இயக்குநர் பாலேந்திராவோடு லண்டன் போயும் அவைக்காற்று கலைக் கழகத்தில் மேடையை விடவில்லை. எங்கள் நாட்டில் தமிழ்ப் படம் எடுத்து அதில் சீவிக்கிற நிலைமை இருந்திருந்தால் அவரைப் பற்றி நான் இப்போது இப்படி இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போகமாட்டேன்.

மே 14, இரவு 10.30

ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறீர் என்று முதல் கேள்வி கேட்டவர் கேட்டிருக்கிறார். நியாயம். சொல்லுகிறேன்.

எனக்கு ஒரு மச்சாள். முன்பள்ளி ரீச்சர். சமாதானக் காலத்தில் ஊர் நாடகங்களில் கண்ணகி, சந்திரமதி எல்லாம் அவள்தான், ஆம்பிளைகளைச் சேலை கட்ட விடாமல் நிறுத்தியவள். அண்ணாவியாரிடம் நேரே பழகியவள். மாமாவுக்குத் துண்டறப் பிடிக்காது, ஆனால் நாடகம் நடக்கிற நேரம் பனைமரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பார், பீடி வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசை. வெயிலென்றால் வெயில். சனம் கானோடு நிற்கிறது, ஒருவரோடு ஒருவர் கதைக்கிறதும் இல்லை, கதைக்க என்ன இருக்கிறது. முன்னால் ஒருத்தி வரிசைக்குள் பூருகிறாள். சண்டை வரப்போகிறது என்று எல்லோரும் பார்க்க, மச்சாள் ஒரு கையில் கானும் மற்றக் கை இடுப்பிலும், கண்ணம்மாவின் குரலில் பிடித்தாளே ஒரு பிடி. வசனம் படத்தில் உள்ளதில்லை, எல்லாம் பவுசரும் கானும் பூருகிற அக்காவும். குரல் அச்சு அசல். வரிசையின் கடைசியில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதலில் பூரவந்த அக்காதான் சிரித்தது. பிறகு வரிசை முழுக்க. அங்கே காவலுக்கு நின்ற ஆமிப் பெடியனும் ஒன்றும் விளங்காமலே சிரித்தான். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்த மச்சாளை மூன்று வருசத்துக்கு முதல் ஒரு குறும்படத்துக்குக் கூப்பிட்டார்கள். வெளியில் இருந்து வந்த பெடியள், யார் எவர் என்று எழுதப்போவதில்லை. இரண்டு நாள் வேலை, சோத்துப் பாசலும் பஸ் காசும். இயக்குநர்த் தம்பி ஒவ்வொரு ஷொட்டுக்கும் “அக்கா, நாடகம் மாதிரி வேண்டாம், நாடகம் மாதிரி வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். படம் வந்தபோது பார்த்தால் முகம் மச்சாளுடையது, குரல் வேறு யாரோ ஒரு பிள்ளையுடையது. முதலே சொல்லவும் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு முற்றம் கூட்டப் போய்விட்டாள்.

இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பாய்ந்தேன். உங்களில் பிழை இல்லை.

மே 15, காலை 5.50

இரவு அந்தக் குறும்படத்தைத் திரும்ப நாலைந்து தரம் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு.

எழுத விருப்பமில்லை, ஆனாலும் எழுதவேண்டும். அந்தத் தம்பி சொன்னதில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. குரலில் இல்லை, கண்ணில். குளோசப்பில் மச்சாளின் கண் எதிரில் நிற்கிறவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் எங்கேயோ தூரத்தில் நிற்கிறது. எங்கே? கடைசிச் சாக்கில். அண்ணாவியார் விரித்த அதே வெறும் சாக்கு. மேடையில் குரலை எறிகிற இடத்துக்குக் கண்ணையும் எறிந்துதான் நாங்கள் பழகியது. கமரா அந்தக் கண்ணைப் பார்த்து, இவ யாரைப் பார்க்கிறா என்று திகைக்கிறது.

பிறகு ஜில்ஜிலைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் சத்தமில்லாமல். நாயனம் கேட்டுவிட்டு அந்த அப்பாவிக் கேள்வி கேட்கிற இடம். வாய் மேடைக்காரியின் வாய், ஒவ்வொரு சொல்லும் உதட்டில் கடிபட்டு வருகிறது. கண் சிவாஜியின் முகத்தோடே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1958க்கும் 1968க்கும் இடையில் எந்தப் படத்திலோ, ஒரு நாள், அவர் கண்ணை மட்டும் கடைசிச் சாக்கில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார், குரலை அங்கேயே விட்டுவிட்டு. இரண்டையும் பிரித்து எடுக்கிறது லேசுப்பட்ட வேலையா? எனக்கு மாதவிப் பாட்டில் கையையும் காலையும் பிரிக்கவே வரவில்லை.

இன்னொன்று. கொல்லங்குடி கருப்பாயி நாட்டுப்பாட்டு, வானொலி என்று இருந்துவிட்டு 1985இல் ‘ஆண்பாவம்’ படத்துக்கு வந்தவர். நாடக மேடைப் பழக்கம் இல்லாத மனிசி. அவர் கண்ணைப் பாருங்கள், திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற கண், முதல் படத்திலேயே. ஆகவே முதல் கேள்வி கேட்டவருக்கு அரைவாசி ஒப்புக்கொள்கிறேன். மேடை ஒன்றைக் கூடுதலாகத் தருகிறது, இன்னொன்றை மாற்றிப் பழகவைக்கிறது. சாபம் என்ற சொல்லை மட்டும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.

மே 18

இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. முள்ளிவாய்க்கால் நினைவுநாள், கஞ்சி குடித்தேன்.

மே 21

‘தீபன்’ பற்றிக் கேட்டவருக்கு. ஓம், அதிலும் மேடைக்காரிதான். காளீஸ்வரி சீனிவாசன், சென்னையில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தவர். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒதியார் எடுத்த படம், 2015இல் கான் விழாவின் பெரிய விருதான தங்கப்பனை அதற்குத்தான். ஊரில் பனை காய்க்கிற எங்களுக்குத் தங்கத்தில் பனை என்றால் வேடிக்கைதான். கூட நடித்த அந்தோனிதாசன் அல்லைப்பிட்டி ஆள், அவருக்கு எங்கள் பேச்சு வாயிலேயே இருக்கிறது. காளீஸ்வரி அப்படி இல்லை, சென்னையில் இருந்து வந்து யாழினி என்ற எங்கள் பெண்ணாக நிற்கவேண்டும். ஒன்றிரண்டு இடத்தில் சென்னை எட்டிப் பார்க்கிறது என்று எனக்குப் பட்டது, லவுட்ஸ்பீக்கர்காரன் காது சும்மா இருக்காது. ஆனால் அந்தக் கண். போலிக் கணவனை, போலி மகளை, தெரியாத நாட்டின் மாடிப்படியைப் பார்க்கிற கண் எல்லாம் ஒரு முழத் தூரத்துக் கண். முகாம் வரிசையில் நின்ற பெண்கள் பக்கத்தில் நிற்கிறவரை அப்படித்தான் பார்த்தார்கள், நம்பலாமா இல்லையா என்று.

அதே 2015 ஒக்ரோபர் 10இல்தான் ஆச்சி போனார். அன்றைக்கு எனக்கு ஒரு கலியாணவீட்டு வேலை. மாப்பிள்ளை அழைப்பு வர நேரம் எடுத்தது, இடையில் ஒருவருக்கும் சொல்லாமல் ஜில்ஜிலின் பாட்டை ஒருக்கால் போட்டுவிட்டேன். அது எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது, மனோரமாவின் குரல் இல்லை என்று நீங்கள் திருத்த முதல் நானே சொல்லிவிடுகிறேன். கையில் அதுதான் இருந்தது.

மே 24, இரவு 9.15

பெரிய திருத்தம்.

இந்த எழுத்தெல்லாம் யாரோ மச்சாளுக்குக் காட்டிவிட்டார்கள். பின்னேரம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே உள்ளே வந்தாள்.

“கடைசிச் சாக்கைப் பாத்தனான் எண்டு எழுதியிருக்கிறாய்?”

“ஓம், உன்ர கண்...”

“உனக்கென்ன விசரே? வசனத்தைக் காலமை மாத்திப்போட்டாங்கள். எனக்குப் பாடமில்லை. ஒரு பெடியன் காட்போட் மட்டையில எழுதி, அந்த ஆளின்ர தோளுக்கு மேலால பிடிச்சுக்கொண்டு நிண்டவன். அதை வாசிச்சனான். கண்ணாடியும் போடவிடேல்ல.”

அவ்வளவுதான். ஒன்பது நாளாக நான் கட்டி வைத்த தத்துவம் ஒரு காட்போட் மட்டையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மனோரமாவின் கண்ணைப் பற்றிச் சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை, அது அது. மச்சாளின் கண்ணைப் பற்றிச் சொன்னதை முழுவதுமாக அழித்துவிடுங்கள். அந்த இயக்குநர்த் தம்பிக்குக் கொடுத்த ஒரு பங்கு நியாயத்தையும் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

மே 24, இரவு 9.50

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். பொங்கலை ஒட்டிக் கூத்து வைக்கிறார்கள், இந்த முறை கண்ணகி அவள். நான் கழுத்தில் மாட்டுகிற மைக் புதிதாக இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், அவளுக்கென்று நினைத்துத்தான். வேண்டாமாம். “மத்த ஆக்களுக்குக் கட்டு. நீ பின்னால போய்க் கடைசிச் சாக்கில இருந்து கேக்குதோ எண்டு பார், கேக்காட்டிக் கையைக் காட்டு” என்கிறாள்.

சாக்குக்கு இப்போது எங்கே போவது. எல்லாம் பிளாஸ்டிக் கதிரை, அதுவும் என்னிடம் வாடகைக்கு எடுத்ததுதான். வீட்டில் உரச்சாக்கு ஒன்று கிடக்கிறது, உதறிப் பார்க்கவேண்டும்.